கழுத்தைப் பிடித்த கதை

...தண்ணி பாட்டில் தூக்கறதுக்கா மூணு வருஷமா படிக்கறேன்? நீயே சொல்லு கோல்பி! இரு, கால ஆட்டாத, கணுக்கால்ல சுத்தற டேப்ல சுருக்கம் விழுந்துடும். எலும்பு, தசை, நரம்பு... எல்லாம் எனக்கு மனப்பாடம். அடிபட்டவங்களப் பக்கத்துல நின்னு பாத்துக் கத்துக்கணும்னுதான், ஹெல்மெட் மாட்டி முட்டி மோதற உங்க ஃபுட்பால் டீமோட என்னை காலேஜ்ல அனுப்பினாங்க. இப்ப? எங்கப்பா பன்னிப் பண்ணைக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்றாராம், 'அயோவாவுலயே பெரிய தண்ணிக்காரி எம்பொண்ணுதான்'னு! சிரிக்காத!

அப்படி என்ன தப்பு பண்ணேன்? போன சனிக்கிழமை மேட்ச்ல நம்ம டிரென்ட் மோதி விழுந்தான்ல... எழுந்திருக்கவே இல்ல. குப்புறக் கெடந்து புல்லத் தடவறான். உள்ள வரலாம்னு ரெஃப்ரி கை காட்டினாரா இல்லியா, யாரு பாத்தா? ஓடினேன்! ஹெல்மெட்டோட சேத்து தலையப் புடிச்சேன் பாரு... கழுத்துல அடின்னா அசைய விடக்கூடாது, அதான பாடம்! அவன் 'மார்லா, என்னோட...'ங்கறான். 'பேசாத!' 'இல்ல மார்லா, கண்ணு...' 'ஐயோ, கண்ணு தெரியலயா!'ன்னு கத்திட்டேன். அவ்ளோதான், ஆம்புலன்ஸ் உள்ள வந்துடுச்சு. ரெண்டு டீமும் முட்டி போட்டு ஜெபம் பண்ணுது. அவங்கம்மா கேலரியிலேர்ந்து ஷூ கூட இல்லாம ஓடி வர்றாங்க...

என்ன? இரு, அப்புறம் சொல்லு.

கடைசில எங்க ஹால்வர்சன் மேடம், எனக்கு வேலை கத்துக் குடுக்கறவங்க, குனிஞ்சு கேட்டா, 'கண்ணுல போட்ட லென்ஸ் விழுந்துடுச்சு, தேடினேன்'ங்கறான் தடியன்!

'புடிச்ச புடி அருமை மார்லா'ன்னாங்க மேடம். ஆமாப்பா, அப்படியேதான் சொன்னாங்க! 'ஆனா அடிபட்டவன் வாய மூடிட்டியே'ன்னுட்டு தண்ணி வண்டிய என் தலைல கட்டிட்டாங்க. இன்னிக்கு உன் சுளுக்கின கணுக்கால ஒழுங்கா கட்டினாத்தான் மறுபடி களத்துக்கு விடுவாங்களாம். இந்தா, முடிஞ்சுது. ஒரு சுருக்கம் இருக்கா சொல்லு! மேடமே வந்து அசந்து போகப்போறாங்க...

ஏய், மேஜைய விட்டு எங்க எறங்கற? ஏன் நொண்டற? அதுவும் கட்டாத காலு...

டேய் கோல்பி! மேடம்கிட்ட போகாதடா! நில்லுடா! எந்தக் காலுன்னு சொல்றதுக்கு வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?