மரியஜானின் வலது முழங்கால்

இந்தியா கால்பந்து விளையாடும் நாளில் எங்கள் கிளப்பில் டிவி முன்னால் நாலு பேர் இருந்தால் அதிகம், சார். அதிலும் ஒருவர் செய்தி பார்க்க வந்தவராக இருப்பார். எங்கள் கிளப்பும் பக்கத்து ஊர் கிளப்பும் மோதும் நாளிலோ ஒரு வள்ளம்கூடக் கடலில் இறங்காது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. எங்கள் கடற்கரையில் கால்பந்து என்றால் அதுதான்.

என் பெயர் அல்போன்ஸ். சவுதியில் ஒரு கம்பெனி கிளினிக்கில் ஒன்பது வருஷம் கம்பவுண்டராக இருந்தேன். ஊர் திரும்பியபின் கிளப் பிளேயர்களின் கால்களைப் பார்த்துக்கொள்கிறேன். சுளுக்கு, வீக்கம், ஊசி எல்லாம் நான்தான்.

எங்கள் ஃபார்வர்டு மரியஜானுக்கு பிப்ரவரியில் இந்திய அணியின் பயிற்சி முகாமுக்கு அழைப்பு வந்தது. மே கடைசியில் போக வேண்டும். கிளப்பில் கேக் வெட்டினார்கள். நானும் ஒரு துண்டு தின்றேன்.

"மாமா, நீல ஜெர்சி போட்டா நான் எப்பிடி இருப்பேன்?" என்று கேட்டான்.

"நல்லாத்தான் இருப்ப மக்கா. ஆனா அங்க உன் பேரச் சொல்லிக் கத்த ஆரு இருக்கா?"

சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அன்றிலிருந்து அவனைக் கவனித்தேன். ஃபோன் வந்தால் தள்ளிப்போய்ப் பேசினான். ஒருநாள் அவன் குளிக்கப் போயிருந்தபோது ஃபோனை எடுத்துப் படித்தேன். கோவா கிளப்புகளுக்கு ஆள் எடுக்கும் ஒரு ஏஜெண்ட், முகாம் முடிந்ததும் சந்திக்கலாம் என்று எழுதியிருந்தான். மரியஜான் சரி என்று பதில் போட்டிருந்தான். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மார்ச் கடைசியில், பயிற்சியின்போது அவன் வலது முழங்கால் திருகிக்கொண்டது. கோட்டாறு டவுனில் ஸ்கேன் எடுத்தோம். அவனை ஆட்டோவில் உட்காரவைத்துவிட்டு ரிப்போர்ட் வாங்க நான் மட்டும் மாடி ஏறினேன். ஜவ்வு பாதி கிழிந்திருக்கிறது, ஆறு வாரம் ஓடவே கூடாது, ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்றார் டாக்டர். பன்னிரண்டு நாளில் கிளப் ஃபைனல் இருந்தது. ஓய்வெடுத்தால் அவன் ஃபைனலில் இருக்கமாட்டான், முகாமுக்கு மட்டும் நல்ல காலோடு போவான்.

கீழே இறங்கி, "நீர் கோத்திருக்கு மக்கா, வேற ஒண்ணுமில்ல," என்றேன். நம்பினான். பதிமூன்று வயதிலிருந்து என்னிடம்தான் காலை நீட்டுகிறான்.

ஃபைனல் அன்று ஜெர்சி மாற்றும் அறையில் வலி தெரியாமலிருக்க ஊசி போட்டேன். இரண்டாம் பாதியில் விழுந்தான். கோட்டுக்கு வெளியே நின்ற எனக்கே அந்தச் சத்தம் கேட்டது. கப்பு எங்களுக்கு. அவன் கருங்கல் ஊர் ஆஸ்பத்திரிக்கு. இனி ஓட்டம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

அவன் அக்கா ஜின்சி நர்ஸ். மூன்றாம் நாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"மாமா, பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டு எங்க?"

"எங்கயோ வச்சிட்டேன் ஏட்டி. தேடிப் பாக்கேன்."

"நீங்க ஒரு சாமானத்தயும் தொலைக்கிற ஆளில்லியே."

என் கைகளையே கொஞ்சநேரம் பார்த்தாள். மறுநாள் கோட்டாறு போய் நகல் வாங்கினாள். அதில் ஃபைனலுக்கு முந்தைய தேதி இருந்தது. இப்போது அது இந்த ஸ்டேஷனில் உங்கள் மேசையில் இருக்கிறது.

கப்புக்காக ரிப்போர்ட்டை மறைத்தேன் என்று அவள் எழுதிக் கொடுத்திருக்கிறாள். அதைத் திருத்திவிடுங்கள் சார். இடைவேளையிலேயே நாங்கள் மூன்று கோல் முன்னால் இருந்தோம். மரியஜான் நொண்டுகிறான், வெளியே எடுத்துவிடலாம் என்று கோச் சொன்னார். ஒன்றுமில்லை, விளையாடட்டும் என்று சொன்னவன் நான். அவனைத் தனியே கூட்டிப்போய் இரண்டாவது ஊசி போட்டதும் நான். கப்பு அதற்குள் எங்கள் கைக்கு வந்துவிட்டது. முழங்கால்தான் மிச்சம் இருந்தது.

இப்போது அவன் ஊரில்தான் இருக்கிறான். கோவாவும் இல்லை, முகாமும் இல்லை. மைதானத்துப் பக்கம் வருவதில்லை, என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். கோபம் இருக்கும்தான். அடுத்த சீசன் தொடங்கட்டும் சார், ஊரிலேயே நிறுத்திவைத்ததற்கு அவனே வந்து எனக்கு நன்றி சொல்வான்.