கோயிலுக்குப் போகச் சொன்னவள்

விடியற்காலை ஐந்து மணி. லண்டன், கோலியர்ஸ் வுட்டில் கடைகள் பூட்டிக் கிடக்கும் நீள வீதி. தொண்ணூற்றைந்து, ஒக்டோபர்...

கிட்ட வந்து இருங்கள். என் சிநேகிதி றோஸ்மலரின் அக்கா பியற்றிசுக்கு நடந்தது இது.

பியற்றிஸ் யாழ்ப்பாணத்துக்காரி. இங்கே அலுவலகம் ஒன்றில் துப்புரவு வேலை. கூட வேலை செய்தவள் லிகாயா, பிலிப்பீன்ஸ்காரி. இருவரும் அந்த வீதியால் சேர்ந்தே நடப்பார்கள். நடந்தபடி லிகாயா தன் ஊரைச் சொல்வாள். சான் எலியாஸ். மேற்கே எரிமலை, கிழக்கே ஆறு, நடுவில் ஸ்பானியர் கட்டிய மாதா கோயில். ஆறு இரண்டு தரம் ஊரை அள்ளிக்கொண்டு போனது. இரண்டு தரமும் சனம் அந்தக் கோயிலைச் சுற்றியே திரும்பக் குடியேறியது.

“எங்களுக்கு ஆறே இல்லையடி. அழிவு மட்டும் வந்தது,” என்பாள் பியற்றிஸ். இருவரும் சிரிப்பார்கள்.

தொண்ணூற்றொன்றில் மலை வெடித்தது. அதன்பின் பெருமழை பெய்தால் சாம்பல் சேறாகி ஊருக்குள் இறங்கும். லிகாயாவின் ஏழு வயது மகள் அங்கேதான் இருந்தாள்.

அங்கே புயல் வருகிறது என்று கேள்விப்பட்ட அன்று, லிகாயா தொலைபேசிக் கூண்டுக்குள்ளிருந்து தலையை நீட்டினாள்.

“அக்கா, லைன் கிடைச்சிட்டுது. பிள்ளையை மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பச் சொல்லட்டோ, கோயிலுக்கோ?”

பியற்றிஸ் யோசிக்கவேயில்லை. ஷெல் விழும்போதெல்லாம் கோயிலுக்குள் ஓடித் தப்பியவள் அவள்.

“கோயிலுக்குப் போகச் சொல்லு. தடிச்ச சுவர். மாதா பாத்துக்கொள்ளுவா.”

சேறு கோயில் ஜன்னல்வரை ஏறியது. பிள்ளை உள்ளே இருந்தாள்...

லிகாயா திட்டவில்லை. “உங்களுக்குத் தெரியாதுதானே அக்கா,” என்று மட்டும் சொன்னாள். பிறகு வேலைக்கு வரவில்லை.

பியற்றிஸ் தனியே நடந்தாள். மூன்றாம் நாள், பின்னால் ஒரு சத்தம். சளக்... சளக்... சேற்றிலிருந்து காலைப் பிடுங்கி வைக்கும் சத்தம். வீதியோ காய்ந்து கிடந்தது. கந்தக நாற்றம். அவள் நின்றால் அதுவும் நின்றது.

“நாயாக்கும் எண்டு நினைச்சன்,” என்றாளாம் தங்கையிடம். “பிறகு அது மூக்கை உறிஞ்சினது.”

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வேலைக்குப் போகாமல் கோயிலுக்கு ஓடினாள். கதவு திறக்கும்வரை படியில் குந்தியிருந்தாள். பக்கத்தில், அதே படியில், யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்... சின்ன மூச்சு.

ஆறரைக்குக் கதவு திறந்தது. எழுந்து, ஒரு காலை உள்ளே வைத்தாள்.

ஈரமான, சூடான சின்னக் கை ஒன்று அவள் விரல்களைப் பிடித்தது. பிடித்து, உள்ளே போகவிடாமல், தெருப்பக்கம் இழுத்தது.