கொடிமேல் வைக்காத கை

வலைக்கு மேலே தன் உயரத்தாலும், நடுவருக்கு மேலே தன் குரலாலும் உயர்ந்து நின்ற அன்றைய பன்னாட்டு அணித் தலைவரே, இன்றைய விழாத் தலைவரே! எதற்கெடுத்தாலும் மறுஒளிபரப்பு கேட்டு, 'ரீப்ளே அண்ணன்' என்று பெயரெடுத்த இளைய பன்னாட்டு வீரரே! பெரியோர்களே! இந்த அரங்கின் தரையைத் துடைத்துவிட்டு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் அம்மா உள்ளிட்ட தாய்மார்களே! கோட்டோரம் கொடி பிடிப்பவளைக் கொண்டுவந்து மைக் முன்னால் நிறுத்தியிருக்கிறீர்கள். வணக்கம்.

ஆண்கள் பன்னாட்டு வாலிபால்: அன்றா, இன்றா?

அன்று! சர்வீஸ் போட்ட அணிக்கு மட்டுமே புள்ளி. அடித்தார்கள், எடுத்தார்கள், சர்வீஸை வாங்கினார்கள், வாங்கியதை இழந்தார்கள்; அரைமணி கழித்தும் பலகையில் அதே மூன்றுக்கு மூன்று. என்ன பொறுமை! என்ன பெருமை! பார்க்க வந்தவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, சண்டை போட்டு, சமாதானமாகித் திரும்பினாலும் ஒரு புள்ளியும் தவறியிருக்காது.

இன்று! எகிறி இடிபோல ஒரு சர்வீஸ். பந்து நேரே வலையில். எதிரணிக்குப் புள்ளி. உடனே மற்ற ஐந்து பேரும் ஓடிவந்து முதுகில் தட்டுகிறார்கள். தப்புக்கு இத்தனை பாராட்டா? எங்கள் வீட்டில் முதலில் கல்லூரி போனவள் நான். கணக்கில் கோட்டைவிட்டபோது எனக்கு இப்படி ஐந்து பேர் வாய்க்கவில்லையே!

விழுந்து எடுக்க லிபரோ என்று தனி ஆள், தனி நிறச் சட்டை. மற்றவர்கள் சட்டை அழுக்காகலாமா? தன் விரலில் பந்து பட்டதா என்று தெரிந்துகொள்ளக் காமிராவைக் கேட்கிறார்கள். ஐயா, விரல் யாருடையது?

என்ன ரீப்ளே அண்ணே? "எங்களை விட்டுடு பாப்பா"வா? இதோ, விட்டாச்சு.

தலைவர் சற்றுமுன் முழங்கினார்: "எங்க காலத்துல காமிரா ஏது? விரல்ல பட்டா நாங்களே ஒத்துக்குவோம்!" அரங்கமே அதிர்ந்தது. நானும் கைதட்டினேன்.

போன ஞாயிறு, இரு தலைமுறையும் இங்கே மோதின. இன்றைய விதி, கடைசி செட், பதினைந்து எடுத்தால் வெற்றி. மூத்தவர்கள் பதினான்கு, இளையவர்கள் பதிமூன்று. ரீப்ளே அண்ணன் அடித்தார். தலைவர் தடுக்கத் தாவினார். பந்து அவர் சுண்டுவிரலை உரசி, என் கோட்டுக்கு வெளியே விழுந்தது.

வெறுமனே வெளியே விழுந்தால் கொடியை உயர்த்த வேண்டும். தடுத்தவர் விரலில் பட்டு விழுந்தால் புள்ளி அடித்தவருக்கு; அப்போது உயர்த்திய கொடிமேல் மறுகையை வைக்க வேண்டும். கொடியை உயர்த்தினேன். அதற்குள் தலைவர் "அவுட்டு!" என்றார். அவ்வளவு பெரியவர் சொன்ன பிறகு என் மறுகை எழவில்லை. நடுவர் என் கொடியை நம்பினார். கோப்பை மூத்தவர்களுக்குப் போனது.

அடுத்த மாதப் பன்னாட்டுப் போட்டிக்குக் கோட்டு நடுவர் பட்டியல் தயார். கடைசிப் பெயர் என்னுடையது. போடவேண்டிய கையெழுத்து தலைவருடையது. இன்னும் போடவில்லை. "இறங்கி வாடி" என்று அம்மா கண்ணைக் காட்டுகிறார். இரும்மா, முடிச்சிடறேன்.

என்ன தலைவர் ஐயா? "அன்னிக்கே சொல்றதுக்கென்ன?"ங்கறீங்களா? பயம் ஐயா. இன்னிக்கும் பயம்தான். பட்டுச்சு ஐயா.

அன்று நேர்மை இருந்தது என்கிறீர்கள். இன்று காமிரா இருக்கிறது என்கிறார்கள். போன ஞாயிறு இரண்டுமே இல்லை. இருந்தவள் நான் ஒருத்தி. நானும் இல்லாதவள் போல நின்றேன்.

ஆகவே, அவையோரே, எந்தக் காலம் வென்றது? எதுவும் வெல்லவில்லை! பதினான்குக்குப் பதினான்கு. ஆட்டம் முடியவில்லை. கோப்பையை இறக்கி வையுங்கள், வலையைக் கட்டுங்கள்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. பேனாவை மூடியிருக்கும் தலைவருக்கும் நன்றி. வணக்கம்.