பித்தளை நத்தை

வெறும் பிஸ்கட் தகர ரின்னை எறிய எனக்கு மனம் வராது. ஆணி போடலாம், பொத்தான் போடலாம், என்றைக்காவது ஒன்றுக்கு உதவும். வீட்டில் ஒருத்தி இருந்திருந்தால் ஏசி ஏசியே எறிய வைத்திருப்பாள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதனால் வோபர்னில் நான் இருக்கிற பேஸ்மென்ற் அறையில் ரின்கள் அடுக்கடுக்காகக் கிடந்தன. நீங்கள் எடுத்துப்போன சிவப்பு ரின் அவற்றில் ஒன்று. இந்த மேசையில் பிளாஸ்ரிக் பைக்குள் வைத்திருக்கிறீர்களே, அந்தப் பித்தளைச் சாமான், அது அதற்குள்தான் இருந்தது.

பொலிஸ் ஐயா, நான் ஆறுதலாக, அவசரமில்லாமல் சொல்லுகிறேன். எழுதி எழுதி மொழிபெயர்க்கிற இந்தப் பிள்ளை ஜெயமலருக்கும் கை நோகக் கூடாது. பிள்ளை, ஒன்றும் விடாமல் சொல்லுங்கோ.

றெமிஜியஸும் நானும் வீடு வெளியாக்கும் வேலை செய்தோம். ஒரு கிழவரோ கிழவியோ செத்துப்போனால், பிள்ளைகள் வந்து தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு போவார்கள். மிஞ்சியதை அள்ளி லொறியில் ஏற்றுவது எங்கள் வேலை. ஸ்ரௌவ்வில் பக்கம் பழைய பண்ணை வீடுகளை இடித்துப் புதுவீடு கட்டிக்கொண்டிருந்த காலம், ஓய்வே இல்லை. றெமிஜியஸ் நல்ல வேலைக்காரன். அலுமாரி தூக்கினால் பாரமான பக்கத்தைத் தானே பிடிப்பான். மத்தியானம் தன் சாப்பாட்டில் பாதியை என் பக்கம் தள்ளுவான். அவனுடைய நல்ல குணத்தையும் சொல்லத்தான் வேண்டும், நான் பொய் சொல்ல வரவில்லை.

அவனிடம் ஒரு பகிடி இருந்தது. பார்ட்டிகளில் யாராவது கேட்டால் போதும், கடைக் கடதாசிப் பையில் இரண்டு ஓட்டை போட்டுத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கதிரையில் இருந்துவிடுவான். சனம் அவன் முன்னால் வரிசையாக நடக்கும். தலையாட்டி விளையாட்டு. உங்களுக்கு விளங்காது, சொல்லுகிறேன். ஆமி, அதுதான் ராணுவம், எங்கள் ஊரைச் சுற்றி வளைத்தால் ஆண்களை வரிசையில் விடுவார்கள். முகத்தை மூடிக்கொண்டு ஒருவன் இருப்பான், எங்கள் ஆட்களில் ஒருவன்தான். அவன் யாரைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறானோ அந்த ஆளைக் கொண்டுபோவார்கள். பிறகு அந்த ஆளின் கதை முடிந்தது. இதை வைத்தும் சிரிக்கலாம் என்று றெமிஜியஸ் கண்டுபிடித்திருந்தான். யாரையாவது பார்த்து ஆட்டுவான், அந்த ஆள் “ஐயோ மச்சான், விட்டிடு” என்று கும்பிடும், எல்லோரும் சிரிப்பார்கள். கடைசியில் பையைக் கழற்றி, விரலைத் துவக்குப் போல நெற்றியில் வைத்து, “தலையாட்டிக்கும் கடைசியில உதுதான்” என்று சொல்லிச் சோபாவில் விழுவான்.

முதல் தரம் பார்த்தபோது நான் தட்டை வைத்துவிட்டுப் பல்கனிக்குப் போய் நின்றேன். அவன் தலையாட்டிய விதம் அப்படி. ஆறுதலாக இரண்டு தரம் கீழே, பிறகு நாடியை இடப்பக்கம் ஒரு வெட்டு. தொண்ணூறாம் ஆண்டு, மன்னாரில், சந்தைக் கொட்டிலில் என் தம்பி சீமோனைப் பார்த்து ஆடிய தலை அச்சொட்டாக அப்படித்தான் ஆடியது. நான் சீமோனுக்குப் பின்னால் நின்றேன். அவனுடைய செருப்பு வார் அறுந்திருந்தது, அதைக் கையில் பிடித்துக்கொண்டே போனான். “அண்ணை, அம்மாட்டச் சொல்லு” என்றான். என்ன சொல்லச் சொன்னான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அம்மா சாகும்வரை அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தா.

எடுத்த வீச்சில் நான் முடிவு கட்டவில்லை. லொறியில் போகும்போது ஒருநாள் கேட்டேன்.

“தொண்ணூறில நீர் எங்க நிண்டனீர்?”

“மன்னாரில. இந்தியாவுக்குப் போக வள்ளம் பாத்துக்கொண்டு நிண்டனான்.”

“சுற்றிவளைப்பு நேரமும் அங்கதானோ?”

அவன் லொறிக் கண்ணாடியை ஏற்றிவிட்டு வெளியே பார்த்தான். “உந்தக் கதையை விடுங்கோ, அண்ணை.”

எனக்கு அது போதும். குற்றமில்லாதவனுக்கு வாய் ஏன் அடைக்க வேண்டும்? அன்றிலிருந்து நான் பழியோடுதான் படுத்தேன், பழியோடுதான் எழும்பினேன். இவன் சாக வேண்டும், அதுவும் அந்தப் பகிடியிலேயே சாக வேண்டும் என்று இருந்தது. எப்படி என்றுதான் தெரியவில்லை.

பிறகு ஸ்ரௌவ்வில் பண்ணை வீடு ஒன்றின் நிலக்கீழ் அறையில் அந்தச் சுழல் துவக்குக் கிடைத்தது. பெட்டகம் ஒன்றின் அடியில், எண்ணெய்ச் சீலையில் சுற்றி வைத்திருந்தார்கள். முதலாளி பார்த்துவிட்டு, இது நூறு வருசத்துக்கு மேல் போனது, சுவரில் மாட்டத்தான் சரி என்றார். றெமிஜியஸ் தனக்கு வேண்டும் என்றான். நான் கொஞ்சம் தாருமென்று வாங்கி, ஒவ்வொரு துளையிலும் கம்பியை விட்டுப் பார்த்தேன். எங்கள் தாத்தா, அப்பு என்போம், வயலில் பன்றி கலைக்க இடியன் வைத்திருந்தவர். வாய்ப்பக்கத்தால் வெடிமருந்தும் சன்னமும் போட்டு இடிக்கிற துவக்கு. பழைய இடியனைக் கையில் எடுத்தால் முதல் வேலை, கம்பி விட்டு ஆழம் பார்ப்பது. கம்பி அடிவரை போகவில்லை. எந்தக் காலத்திலோ ஒருவன் நிரப்பி வைத்துவிட்டு மறந்து செத்திருக்கிறான்.

“என்ன அண்ணை, உள்ளுக்க ஏதும் கிடக்கோ?”

“துருதான்” என்றேன்.

ஆனால் கேப்பு இல்லாமல் அது வெடிக்காது. கேப்பு என்பது செம்பில் சின்னத் தொப்பி, உழுந்துப் பருப்பளவு. துவக்கின் பின்னால் நிற்கிற சின்னச் சுத்தி, குதிரை என்போம், அதில் விழுந்து அடித்தால்தான் உள்ளே நெருப்புப் போகும். இதில் ஒன்றுகூட இருக்கவில்லை. ஆகவே துவக்கு றெமிஜியஸின் ஷோகேசுக்குப் போனது. அதன் பிறகு பகிடியில் விரலுக்குப் பதிலாக அதைத்தான் எடுத்தான். நெற்றியில் வைத்து விசையை இழுப்பான். டிக் என்று ஒரு சத்தம் வரும். சனம் கை தட்டும். நானும் தட்டுவேன்.

அந்தப் பெட்டகத்திலிருந்து நான் எடுத்தது சிவப்பு ரின்னை மட்டும்தான். ரின் என்பதற்காகத்தான் எடுத்தேன். சில மாதம் கழித்து அலுமாரிக் கதவின் பிணைச்சல் கழன்றது. திருகாணி தேடி அந்த ரின்னைப் பேப்பரில் கொட்டினேன். திருகாணிகளுக்கு நடுவே இது கிடந்தது. உள்ளங்கையளவு வட்டம், ஒரு பக்கம் குருவி அலகு போல மெல்லிய சொண்டு, பார்க்க நத்தை மாதிரி. மணிக்கூட்டுச் சாமான் என்று நினைத்துச் சும்மா அமத்தினேன். சொண்டில் ஒரு செப்புத் தொப்பி வந்து எட்டிப் பார்த்தது.

கடவுள் என்னை மறக்கவில்லை என்று நினைத்தேன். அப்புவின் தடித்த விரலில் கேப்பு நிற்காது. விழுந்ததை டோர்ச் அடித்துத் தேடித் திட்டுவார். வெள்ளைக்காரன் அதை ஏற்றி வைக்கவென்று ஒரு நத்தையே செய்திருக்கிறான். வயிறு நிறையக் கேப்புகளோடு அது எனக்காகக் காத்திருந்தது. பழுதோ என்று அறிய ஒன்றைச் சீமெந்தில் வைத்துச் சுத்தியலால் தட்டினேன். நன்றாகவே வெடித்தது. மேல்மாடியிலிருந்து வீட்டுக்கார எமில்டா அக்கா, “என்ன தம்பி சத்தம்?” என்று கேட்டா. “பல்ப் விழுந்திட்டுது அக்கா” என்றேன்.

றெமிஜியஸின் மகள் மெலிசாவுக்குப் புதுநன்மை, மாதா கோயிலில் முதல்தரம் நற்கருணை வாங்குகிற நாள். டோர்செட் பார்க்கில் அவர்களின் அப்பார்ட்மென்றில்தான் விருந்து. எல்லோரும் கோயிலுக்குப் போக, சாப்பாடு கொண்டுவருகிறவனுக்குக் கதவு திறக்க ஒரு ஆள் வேண்டும். நான் நிற்கிறேன் என்றேன். றெமிஜியஸின் மனைவி யூஜினி வீட்டுத் திறப்பை, சாவியைத் தந்துவிட்டு, “நீங்கள் நிண்டா எனக்கு ஒரு யோசனையும் இல்லை, அண்ணை” என்றா.

அவர்கள் போனதும் ஷோகேஸைத் திறந்தேன். நத்தையைப் பிடித்து ஒவ்வொரு துளையின் பின்னாலும் அமத்த, கேப்பு பிசகாமல் போய் இருந்தது. துவக்கைத் துடைத்து இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, பலகாரத் தட்டுகளை அடுக்கினேன். மெலிசாவின் கேக்கில் ஒரு பூ சரிந்திருந்தது, அதையும் நிமிர்த்தி விட்டேன்.

சாப்பாடு முடிய வழக்கம்போலக் கேட்டார்கள். றெமிஜியஸ் பையைக் கவிழ்த்துக்கொண்டு இருந்தான். நாங்கள் வரிசையாக நடந்தோம். அவன் என்னைப் பார்த்து ஆட்டினான். இரண்டு தரம் கீழே, நாடி இடப்பக்கம். “இண்டைக்கு அருள்நாயகம் அண்ணைதான்” என்று சிரித்தார்கள். எனக்கு இருந்த கொஞ்சநஞ்சத் தயக்கமும் அதோடு போனது.

அவன் துவக்கை எடுக்க, மெலிசா ஓடி வந்தாள். வெள்ளைச் சட்டை, தலையில் பூமுடி.

“டாட், இண்டைக்கு நான் ஆமி. பிளீஸ் டாட்.”

“இண்டைக்கு என்ர பிள்ளையின்ர நாள் தானே” என்று குதிரையைத் தானே இழுத்து அவளுடைய கையில் கொடுத்தான். பையைக் கழற்றாமல் அவளுக்கு முன்னால் முழங்காலில் இருந்தான். அவளுக்கு எட்ட வேண்டுமே.

நேரம் இருந்ததா என்று கேட்கிறீர்கள். இருந்தது. “பொறு பிள்ளை” என்று ஒரு சொல் சொன்னால் போதும். என் கையில் கட்லெற் தட்டு இருந்தது, அதை மேசையில் வைக்கவும் நேரம் இருந்தது. நான் யோசித்தேன். இழுப்பது யார் என்று துவக்குக்குத் தெரியாது. சீமோனைக் கொண்டுபோன அன்று எங்கள் வீட்டில் ஒருவரும் மிஞ்சவில்லை, மூச்சு மட்டும் ஓடியது. இவனுடைய வீட்டுக்கும் அது தெரியட்டும் என்று நினைத்தேன். அது எனக்குப் பிடித்திருந்தது, மறைக்க மாட்டேன்.

ஆனால் நான் கொடுமைக்காரன் இல்லை. சின்ன அறைக்குள் வெடிச் சத்தம் பிள்ளைகளின் காதுக்குக் கூடாது. மெலிசாவுக்குப் பின்னால் போய் நின்று, என் இரண்டு கையாலும் அவளுடைய காதுகளைப் பொத்தினேன். அதுவும் விளையாட்டு என்று நினைத்து என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். பிறகு இழுத்தாள்.

அவள் இப்போது ஒருவரோடும் பேசுவதில்லையாம். பிள்ளைகள் மறந்துவிடுவார்கள். காது நன்றாகக் கேட்கிறது என்று டொக்டர் சொன்னதாக அறிந்தேன், அந்த மட்டில் எனக்கு ஆறுதல்.

நீங்கள் என்னைப் பிடித்து வைத்த பிறகு யூஜினி ஒருதரம் பார்க்க வந்தா. அழவில்லை. “அவரின்ர அண்ணனையும் அந்தச் சந்தைக் கொட்டிலிலதான் கொண்டுபோனவங்கள். அவர் வரிசையில நிண்டு பாத்தவர். உதைச் சொல்லி அழத் தெரியாத மனுசன், அதுதான் பகிடியாச் செய்து காட்டினவர். நீங்கள் என்னட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, அண்ணை” என்றா. எனக்கு அவவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. புருசனைப் பற்றி மனைவி வேறு என்ன சொல்லுவா? சும்மா வரிசையில் நின்றவனுக்கு அந்தத் தலையாட்டல் அவ்வளவு அச்சாக எப்படி வரும்? ஆட்டினவனுக்குத்தான் வரும். என்னிடம் உள்ள சாட்சி அதுதான். வேறு சாட்சி எனக்குத் தேவைப்படவில்லை.

எப்படி ஆட்டினான் என்று கேட்கிறீர்கள். வாயால் சொன்னால் விளங்காது, பாருங்கோ. ஆறுதலாக இரண்டு தரம் கீழே. பிறகு நாடி இடப்பக்கம், இப்படி ஒரு வெட்டு.

ஏன் பிள்ளை, எழுதாமல் என்னையே பார்க்கிறீர்? என்ன, உங்கடை அப்பாவும் மன்னாரில் நின்றவரோ? அவரும் இதே மாதிரித்தான் ஆட்டிக் காட்டுறவரோ?

அப்படியென்றால் ஐயா, அந்த மனுசன் ஆரென்று ஒருக்கா விசாரித்துப் பாருங்கோ.