இந்தப் பேனரில் ஒரு சொல் தவறு

மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, துறைமுக மேலாளர் அவர்களே, கீழே நாற்காலி கிடைத்தும் கிடைக்காமலும் கூடியிருக்கும் கிரேன் பிரிவுத் தோழர்களே, லாரி ஓட்டுநர்களே, முன்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும், மறைந்த நம் நண்பருடைய துணைவியாரே, மகளே, எல்லோருக்கும் என் வணக்கம்.

எனக்கு முன்னால் மூன்று பேர் பேசினார்கள். மூவரும் அழுதார்கள். தலைவர் என் காதில் வந்து, "அண்ணே, நீங்க கொஞ்சம் கலகலப்பா பேசுங்க, எல்லாரும் ரொம்ப இறுக்கமா இருக்காங்க" என்றார். அவர்மேல் தப்பில்லை. இந்தத் துறைமுகத்தில் யார் ஓய்வு பெற்றாலும், யார் வீட்டில் கல்யாணம் நடந்தாலும், மைக் என் கைக்குத்தான் வரும். நான் பேசினால் நாலு பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அதுதான் எனக்குப் பெருமை. அந்தப் பெருமையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். கலகலப்பாக இருக்காது. மன்னியுங்கள்.

என் பின்னால் கட்டியிருக்கும் பேனரைப் பாருங்கள். "எங்கள் அன்புப் பெரிசுக்குக் கண்ணீர் அஞ்சலி" என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அதில் ஒரு சொல் தவறு. அந்தத் தவறைச் செய்தவன் நான்.

நாற்பது வருடத்துக்கு முன்னால் நானும் அவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். பதிவேட்டின்படி அவருக்கு இருபத்து நான்கு, எனக்கு இருபத்து மூன்று. இருபத்தேழு வயதில் அவர் தலை முழுக்க நரைத்துவிட்டது. அவர் வீட்டு ஆண்கள் எல்லோருக்கும் அப்படித்தானாம். மற்றவராக இருந்தால் மை வாங்கித் தடவியிருப்பார். அவர் தடவவில்லை. "முளைக்கிறது முளைக்கட்டும், கொட்டாம இருந்தா சரி" என்றார். ஒருநாள் கேன்டீனில் எல்லோரும் இருக்கும்போது நான் எழுந்து நின்று, "வழி விடுங்கப்பா, பெரிசு வருது, உக்கார இடம் கொடுங்க" என்றேன். கேன்டீனே சிரித்தது. அவரும் சிரித்தார். அன்றிலிருந்து பெரிசு, பெரிசுதான். மேலாளர் அவரை அப்படிக் கூப்பிட்டார். லாரிக்காரர் கூப்பிட்டார். நான் அவர் மனைவியை அண்ணி என்றேன். இருவரும் என்னைத் தம்பி என்றார்கள்.

நானோ ஒவ்வொரு ஞாயிறும் கண்ணாடி முன்னால் நின்று மை தடவிக்கொண்டிருந்தேன். உங்களுக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும்! வெயில் காலத்தில் கிரேன் அறைக்குள் உட்கார்ந்தால் காதோரம் கறுப்பாக வழியும். சட்டைக் காலரைத் துவைத்துத் துவைத்து என் மனைவி அலுத்துப்போனாள்.

பதினான்கு வருடத்துக்கு முன்னால் பழைய கிரேன்களுக்குப் பதிலாக நம் துறைமுகத்துக்கு மூன்று புதிய உயரக் கிரேன்கள் வந்தன. நூற்று நாற்பது படி. மேலே போய் உட்கார்ந்தால் கப்பல்கள் செருப்பு மாதிரித் தெரியும். மூன்று இருக்கை, நான்கு ஆபரேட்டர்கள். இரண்டு பேர் உறுதியாகிவிட்டார்கள். மூன்றாவது இருக்கை அவருக்கா, எனக்கா? அப்போதிருந்த மேலாளர் எங்களை அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனிதர். யாரையும் புண்படுத்தக் கூடாது என்று தயங்கித் தயங்கி, "உங்க ரெண்டு பேர்ல மூத்தவர் யாரு?" என்று கேட்டார்.

அவர் வாய் திறப்பதற்குள் நான் திறந்தேன். "என்ன சார் கேள்வி இது? பேரே பெரிசு. தலையைப் பாருங்க. இந்த வயசுல நூத்தி நாப்பது படி ஏறச் சொன்னா பாவம் சார், பாதிவழியில நாற்காலி போடணும்."

அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். மேலாளர் சிரித்தார். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்போடு முடிவாகிவிட்டது.

தோழர்களே! அவருடைய கண்ணை யாராவது சோதித்தார்களா? அவர் கை நடுங்குகிறதா என்று பார்த்தார்களா? முட்டை வைத்த தட்டைத் தரையில் வைப்பதுபோல் இருபது டன் பெட்டியைச் சத்தமில்லாமல் இறக்கியவர் அவர். அதை யாராவது எடுத்துச் சொன்னார்களா? சொல்ல வேண்டியவன் நான்தான். இருபத்தாறு வருடம் பக்கத்துக் கிரேனில் உட்கார்ந்து அவர் வேலையைப் பார்த்தவன் நான். நான் நகைச்சுவை பேசினேன்.

அவரைக் கீழே இறக்கிச் சிக்னல்காரராகப் போட்டார்கள். தரையில் நின்று, மேலே இருப்பவனுக்குக் கையசைத்து, வயர்லெஸ்ஸில் பேசி, பெட்டியை எங்கே இறக்க வேண்டும் என்று சொல்கிற வேலை. எந்தக் கிரேனுக்கு? என்னுடைய கிரேனுக்கு. பத்து வருடம்! வெயிலில், மழையில், தரையில் நின்றார். வயர்லெஸ் வந்த பிறகும் பழைய பழக்கத்தை அவர் விடவில்லை. பெட்டி தரையில் சரியாக உட்காரும்வரை வலது கையை உயர்த்தியே வைத்திருப்பார். உட்கார்ந்த பிறகுதான் இறக்குவார்.

இனி நான் சொல்லப்போவது என் மனைவிக்கும் என் பிள்ளைகளுக்கும்கூட இன்று காலைவரை தெரியாது. இன்று காலைதான் சொல்லிவிட்டு வந்தேன். என்னைப் பள்ளியில் சேர்த்தபோது ஆசிரியர் பிறந்த தேதி கேட்டார். என் அப்பா, பிற்காலத்தில் பையனுக்கு உதவும் என்று, மூன்று வயதைக் குறைத்துச் சொல்லிவிட்டார். பதிவேட்டில் நான் அவரைவிட ஒரு வயது சின்னவன். உண்மையில் நான் அவரைவிட இரண்டு வயது மூத்தவன்.

ஆமாம்! ஏறக்குறைய நாற்பது வருடம் நான் பெரிசு, பெரிசு என்று கூப்பிட்ட அந்த மனிதர் என்னைவிட இரண்டு வயது சின்னவர்!

மேலாளர் அறையில் நின்றபோது எனக்குத் தெரியும். நன்றாகத் தெரியும். அந்த வருடம்தான் நான் செய்தித்தாளைக் கை நீட்டித் தள்ளிப் பிடிக்க ஆரம்பித்திருந்தேன். படியேறினால் மூச்சு வாங்கியது. பயந்து போயிருந்தேன். வயதாகிறது என்ற பேச்சு அறைக்குள் வந்தால் அது யார் தலையிலாவது உட்கார்ந்தே தீரும், என் தலையில் உட்காரக் கூடாது என்று பயந்தேன். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தலை இருந்தது. அங்கே தள்ளிவிட்டேன்.

அவருக்கு இது தெரியாது என்று இரண்டு வருடம் நிம்மதியாக இருந்தேன். பிறகு என் அம்மா இறந்தார். கிரேன் பிரிவு முழுக்க வீட்டுக்கு வந்திருந்தது. என் பெரியம்மா கூடத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டே பழையதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். "அந்தப் பெருவெள்ளத்துல இவனைப் பத்து மாசக் குழந்தையா அண்டாவுல வெச்சு மொட்டை மாடிக்குத் தூக்கிட்டு ஓடினாளே என் தங்கச்சி!" என்றார்.

பெருவெள்ளம் வந்து போன மறு வருடம் கட்டின வீட்டில் பிறந்தவர் நம் நண்பர். "வெள்ளம் போனப்புறம் வந்தவன்டா நான்" என்று கேன்டீனில் எத்தனை முறை சொல்லியிருக்கிறார்! அவர் சுவரோரம் நின்றிருந்தார். என்னைப் பார்த்தார். நான் என் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

அடுத்த வாரம் வேலைக்குப் போனேன். சண்டை போடுவார், நாலு பேர் முன்னால் கேட்டுவிடுவார், மேலாளரிடம் போவார் என்று எதிர்பார்த்தேன். போயிருந்தால் என் வேலையே போயிருக்கும். நூற்று நாற்பது படி ஏறிப்போய் உட்கார்ந்தேன். வயர்லெஸ் கரகரத்தது. இருபத்தெட்டு வருடமாகத் "தம்பி" என்றே கூப்பிட்ட குரல், அன்றைக்கு, "அண்ணே, வலப்பக்கம் ஒரு அடி வாங்க" என்றது.

அவ்வளவுதான். அவர் செய்ததெல்லாம் அவ்வளவுதான். பக்கத்தில் நின்ற நீங்களெல்லாம் பெரிசு கேலி பண்ணுது என்று சிரித்தீர்கள். மேலே உட்கார்ந்திருந்த எனக்கு மட்டும் வியர்த்துக் கொட்டியது. மத்தியானம் கீழே இறங்கி வந்ததும் தன் கைக்குட்டையை நீட்டி, "அண்ணே, காதோரம் மை ஒழுகுது, தொடைச்சுக்கங்க" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இன்னும் இருக்கிறது. என் இடது கண்ணில் புரை விழ ஆரம்பித்தது. உயரத்திலிருந்து பார்க்கும்போது பெட்டிக்கும் தரைக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று தெரியவில்லை. யாரிடம் சொல்வேன்? பெரிசை இறக்கிவிட்டு ஏறியவன், எனக்குக் கண் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வேன்? ஒருநாள் நான் பெட்டியை வேகமாக இறக்கியபோது கீழே கொக்கி மாட்டிக்கொண்டிருந்த தோழர் துள்ளி விலகினார். ஒரு அடி தள்ளி நின்றிருந்தால் இன்று வேறு ஒரு குடும்பம் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும். அவர் இங்கேதான் இருக்கிறார். அன்றைக்குக் காற்று அடித்தது என்று உங்களிடம் சொன்னேன். காற்று இல்லை ஐயா. என் கண்.

அன்று மத்தியானம் கேன்டீனில் அவர் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். மெதுவாகச் சொன்னார். "அண்ணே, டாக்டர்கிட்ட போயிருங்க. போற வரைக்கும் நான் சொல்லாம ஒரு பெட்டிகூட இறக்காதீங்க. உங்களுக்காகச் சொல்லலை, கீழ நிக்கிறவங்க உசுரு."

டாக்டரிடம் நான் போகவில்லை. போனால் சான்றிதழில் எழுதிவிடுவார்களே! வாராவாரம் அவர் கேட்டார். வாராவாரம் ஒரு சாக்குச் சொன்னேன். அவர் ஓய்வு பெறும்வரை ஐந்து வருடம், "ரெண்டு அடி... ஒரு அடி... அரை... உக்காந்துருச்சு அண்ணே" என்ற அந்தக் குரலைக் கேட்டுத்தான் நான் கிரேன் ஓட்டினேன். அந்த ஐந்து வருடத்தில் ஒருவருக்கும் ஒரு கீறல் விழவில்லை என்று எனக்குக் கேடயம் கொடுத்தீர்கள். வாங்கி வீட்டில் வைத்திருக்கிறேன். கிரேனுக்கு வயதானவர் என்று நான் இறக்கிவிட்ட மனிதரின் கண்ணுக்குக் கிடைத்த கேடயம் அது. அவர் ஓய்வு பெற்றுப் போன மூன்றாவது வாரம், முழங்கால் வலி என்று எழுதிக் கொடுத்துவிட்டு நானும் கீழே இறங்கிவிட்டேன். முழங்காலுக்கு ஒன்றுமில்லை.

நான் ஓய்வு பெற்ற பிறகு கண் அறுவை சிகிச்சைக்கு என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனவரும் அவர்தான். அங்கே நர்ஸ் எங்களைப் பார்த்துவிட்டு அவரிடம், "ஐயா, ஆபரேஷன் உங்களுக்கா?" என்றார். "இல்லம்மா, எனக்குக் கண்ணு நல்லா தெரியும். இவருதான் எங்க அண்ணன், இவருக்குத்தான்" என்றார். நர்ஸ் சிரித்துவிட்டுப் படிவத்தை நீட்டினார். வயது என்ற கட்டத்தில் என் பேனா நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி, வெளியே ஆட்டோ நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு நேரம் கொடுத்தார் என்று இப்போது புரிகிறது. உண்மையை எழுதியிருந்தால் இரண்டு பேரும் அங்கேயே சிரித்திருப்போம். அறுபது என்று எழுதினேன். உண்மையில் அறுபத்து மூன்று. அவர் திரும்பி, "எழுதிட்டீங்களா அண்ணே, வாங்க போவோம்" என்றார்.

பத்து நாளுக்கு முன்னால், காலையில் செருப்பு மாட்டிக்கொள்ள உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. செய்தி கேட்டு ஓடினேன். இத்தனை வருடமாக என்னைப் பார்த்தால் "வாங்க தம்பி" என்று சொல்லும் அண்ணி, வாசலில் நின்று, "உங்க தம்பி போயிட்டாருண்ணே" என்றார்.

அப்படியென்றால் வீட்டில் அவர் சொல்லியிருக்கிறார். பன்னிரண்டு வருடமாக அந்த அம்மாவுக்கும் தெரியும். தெரிந்தும் எனக்குச் சோறு போட்டிருக்கிறார். தன் கணவரை வெயிலில் நிறுத்தியவன் என்று தெரிந்தும், தம்பி, இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க என்று பரிமாறியிருக்கிறார். தங்கச்சி, அன்றைக்குச் சொல்ல முடியாததை இன்று எல்லோர் முன்னாலும் சொல்கிறேன். தப்பு பண்ணிவிட்டேன் அம்மா. மன்னிக்கச் சொல்லிக் கேட்கும் தைரியம்கூட எனக்கு இல்லை. எல்லோரும் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் சொல்கிறேன்.

தோழர்களே, அவர் பணியைத் தொடர்வோம் என்று முன்னால் பேசியவர்கள் உறுதி எடுத்தார்கள். என்ன பணி? வெள்ளை முடியை வைத்துக்கொண்டு வெட்கப்படாமல் நடந்தார், அது ஒரு பணி. அதை நான் தொடங்கிவிட்டேன், பாருங்கள். பத்து நாளாக மை தடவவில்லை. பாதி கறுப்பு, பாதி வெள்ளை, பார்க்கச் சகிக்காது. சிரிக்கலாம், இதற்குச் சிரிக்கலாம்!

மேலாளர் அவர்களே, உங்களிடம் ஒரு மனு. கிரேனில் ஏறுகிற ஒவ்வொருவருக்கும், இருபது வயதானாலும் ஐம்பது ஆனாலும், வருடத்துக்கு ஒருமுறை கண் சோதனை வையுங்கள். யார் மூத்தவர் என்று கேட்காதீர்கள், யாருக்குத் தெரிகிறது என்று கேளுங்கள். கண் மங்கியவனுக்குக் கீழே மரியாதையான வேலை கொடுங்கள், அப்போதுதான் என்னைப்போல் ஒளிக்கமாட்டான். இந்த மனுவோடு என் உண்மையான பிறந்த தேதியையும் எழுதி, கையெழுத்துப் போட்டு, அதோ மேசைமேல் வைத்திருக்கிறேன். அதற்கு என்ன நடவடிக்கை எடுக்க வேண்டுமோ எடுங்கள். கேடயத்தையும் கொண்டுவந்திருக்கிறேன், அது தங்கச்சி வீட்டுக்குப் போக வேண்டியது.

தலைவரே, கூட்டம் முடிந்ததும் அந்தப் பேனரை அவிழ்த்து என்னிடம் கொடுங்கள். அந்தப் பெயர் எனக்குத்தான் பொருந்தும். நான் எடுத்துப்போகிறேன்.

எனக்கு வயது அறுபத்தாறு. முதல்முறையாக மைக்கில் சொல்கிறேன். அவருக்கு அறுபத்து நான்குதான்.

தம்பி... நாற்பது வருடத்தில் உன்னை ஒரு தடவைகூட இப்படிக் கூப்பிட்டதில்லை. தம்பி, நான் தாமதமாக இறக்கியிருக்கிறேன், ஆனால் பெட்டி உட்கார்ந்துவிட்டது. நீ கையை இறக்கிக்கொள்.