மச்சை உடைத்தவர்

பாகீரதி: ...பூசற கரணையை இப்படிக் குடுங்கோ. ஏணியைப் பிடிச்சுண்டா போதும்.

ஸ்ரீகண்டன்: நான் ஏறறேனே. மடிசாரோட ஏணில நின்னுண்டு... விழுந்து வெச்சா?

பாகீரதி: விழமாட்டேன்.

ஸ்ரீகண்டன்: பட்டாளம் இருக்கற தண்டுலேர்ந்து கொத்தனாரை வரச்சொல்லலாம்னேன். பிளேக்குக்குப் பயந்து ஓடினவா ஒவ்வொருத்தரா திரும்பிண்டுதானே இருக்கா.

பாகீரதி: அதுவரைக்கும் மச்சுல இந்த ஓட்டையை அண்ணாந்து பாத்துண்டு என்னால படுத்துக்க முடியாது. இன்னிக்கே மூடணும். காரையை நீர்க்கக் கலந்துட்டேள். ஒட்டாது.

ஸ்ரீகண்டன்: கடுக்காத் தண்ணி கொஞ்சம் கூடிப்போச்சு. சுண்ணாம்பு சேர்க்கறேன்... மூஞ்சியெல்லாம் காரை உனக்கு. மச்சைவிட அங்கதான் நன்னா ஒட்டியிருக்கு.

பாகீரதி: சிரிக்காதேங்கோ.

ஸ்ரீகண்டன்: சரி, இறங்கு. அந்த ஓரத்தையாவது நான்...

பாகீரதி: உடைச்ச கை பூச வேண்டாம்.

ஸ்ரீகண்டன்: ஓ... அதுதானா இத்தனை நாளும் கோவம்?

பாகீரதி: வேற என்ன? பேட்டைல எல்லார் ஆத்து மச்சையும் பிளேக் ஆபீஸ் ஆளுங்கதான் உடைச்சா. நம்மாத்துல மட்டும் ஆத்துக்காரரே உடைச்சார்.

ஸ்ரீகண்டன்: காத்தும் வெளிச்சமும் வரணும்னு உத்தரவு. நான் அந்த ஆபீஸ் குமாஸ்தா. என் ஆத்தை மட்டும் விட்டுட முடியுமா?

பாகீரதி: அவாளோட வந்த துரை உங்களை உடைக்கச் சொல்லலை. சமையலுள் கதவுக்குப் பின்னாடி நின்னுண்டு எல்லாத்தையும் கேட்டேன். நீங்களாத்தான் முன்னால போனேள்.

ஸ்ரீகண்டன்: ஆமா. போனேன்.

பாகீரதி: தெருக்கோடி வரைக்கும் கேக்கறாப்பல இடிச்சேள். நான் ஸ்வாமியை வேண்டிண்டே நின்னேன்.

ஸ்ரீகண்டன்: மச்சை இடிச்சா நீ எதுக்கு வேண்டிக்கணும்?

பாகீரதி: ஜகது மேல இருந்தா.

ஸ்ரீகண்டன்: ம்.

பாகீரதி: என் தங்கை மைசூருக்கு வண்டி ஏறிட்டான்னு உங்ககிட்ட பொய் சொன்னேன். ஜுரம் அவளுக்குக் கொதிச்சுது. அக்குள்ல பிளேக் கட்டி ஒண்ணும் வரலை, வெறும் ஜுரம்தான். ஆனா அதை யார் கேக்கப்போறா? பிளேக் கேம்புக்குத் தூக்கிண்டு போனவாள்ல எத்தனை பேர் திரும்பினா? நீங்க ஆபீஸ் போனப்புறம் அவளை மச்சுமேல ஏத்திப் படுக்க வெச்சேன். ஓட்டுக்கடியில, அந்த இருட்டுல... ஜுரம் விட்டப்புறம்தான் நிஜமா வண்டி ஏத்தி அம்மாகிட்ட அனுப்பினேன்.

ஸ்ரீகண்டன்: எங்கிட்ட சொல்லியிருக்கலாம்.

பாகீரதி: சொல்லியிருந்தா? ஒண்ணு உங்க உத்தியோகம் போயிருக்கும். இல்லேன்னா அவ போயிருப்பா. எதுன்னு உங்களைத் தேர்ந்தெடுக்க வெக்க எனக்கு மனசில்லை. கோவிச்சுக்கறதுன்னா கோவிச்சுக்கோங்கோ. நாளைக்கே மறுபடி இப்படி வந்தாலும் இதையேதான் செய்வேன்.

ஸ்ரீகண்டன்: செய்... காரை இறுகறது பார். பூசு.

பாகீரதி: ஏன்னா, கோவமே இல்லையா உங்களுக்கு?

ஸ்ரீகண்டன்: இல்லை.

பாகீரதி: அன்னிக்கு அவா எல்லாரும் கூடத்து நடுவுலதான் நின்னா. அதுக்கு நேர் மேலதான் அவ படுத்திருந்தா. நான் கண்ணை மூடிண்டேன். தொறந்து பாத்தா நீங்க இந்த வாசல் மூலைல இடிச்சுண்டிருந்தேள். ஈஸ்வரன்தான் உங்களை இந்தப் பக்கம் தள்ளிவிட்டிருக்கணும்.

ஸ்ரீகண்டன்: ஈஸ்வரன் இல்லை. நடுவுல உடைன்னு துரை ஆளுக்குக் கைகாட்டினப்போ ஜகது இருமினா. அவர் அண்ணாந்து பாக்கறதுக்குள்ள கடப்பாரையைப் பிடுங்கிண்டு இந்த மூலைக்கு வந்துட்டேன். அவ இருமி ஓயற வரைக்கும் நிறுத்தாம இடிச்சேன்.