ஒன்பதுக்கு அப்புறம் பத்து

மல்காஜ்கிரி பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு பெண்கள். சின்னவள் பொரிந்து தள்ளினாள்.

"ஒரு மாசம் எழுதின புரோகிராம், அக்கா. பழசுன்னு கம்ப்யூட்டர் அழிச்சிடுச்சு! திருத்தின புரோகிராமுக்கு நம்பர் போடுறப்ப, ரெண்டு புள்ளி ஒன்பதுக்கு அடுத்தது ரெண்டு புள்ளி பத்துதானே?"

"ஆமா."

"இல்லையாம். புள்ளி பத்துன்னா புள்ளி ஒண்ணாம், ஒன்பதைவிடச் சின்னதாம். அப்படி ஒப்பிடச் சொல்லி எழுதி வெச்சது எங்க மேனேஜர்!"

கணக்கில் நானும் மேனேஜர் கட்சிதான்.

"அவர்கிட்டயே கேட்டியா?"

"கேட்டேன். 'உங்க பையன் ஒன்பதாவது முடிச்சா ஒண்ணாவதுலயா சார் உட்கார வைப்பீங்க?'ன்னேன்."

"என்ன சொன்னார்?"

"'அவன் ஃபெயில். அந்தப் பேச்சை விடு, மறுபடி முதல்லேர்ந்து எழுது'ன்னார்."

"எழுதப் போறியா?"

"நக்கோ சார், எனக்கு வேணாம், நீங்களே எழுதிக்குங்கன்னுட்டு பஸ் ஏறிட்டேன்."